பத்துக் காசும் பாலாற்றங்கரையும்

சென்ற மாதம் என் மனைவியின் கண் பரிசோதனையை முன்னிட்டு வேலூர் செல்ல நேர்ந்தது. அதிகாலையில் காஞ்சிபுரத்தில் பேருந்து ஏறினோம். பயணச்சீட்டுக்குச் சில்லறை வேண்டுமென்று நடத்துநர் வற்புறுத்தவே, சட்டைப் பையில் ஒன்றும் அகப்படாமல், கைப்பையிலிருந்த தகரப் பெட்டியைத் திறந்தேன். அதிலிருந்த ஐந்து ரூபாய்க் காசைக் கண்டதும் நடத்துநர் முகம் மலர்ந்தார். "அது கொடுக்கிற காசு இல்லை தம்பி" என்று நான் பெட்டியை மூடியதும் அவர் முகம் வாடியது. என் மனைவி தன் சுருக்குப் பையிலிருந்து சில்லறையை எடுத்துக் கொடுத்து, "ஊரெல்லாம் சுற்ற வேண்டிய காசைச் சிறை வைத்திருக்கிறீர்கள்" என்றாள். அவள் விளையாட்டாகச் சொன்னதுதான். ஆயினும் இரண்டு நாள் பயணத்தில் அச்சொல் என்னை விட்டு அகலவில்லை.

அந்தத் தகரப் பெட்டி முன்னாளில் என் தாயாரின் செபமாலைப் பெட்டி. இப்பொழுது அதில் செபமாலையோடு எட்டு நாணயங்கள் உள்ளன. மன்னர் தலை பொறித்த பழங்காசுகளைத் தேடுவோர் பலர் உளர். எனக்கு அதில் நாட்டமில்லை. மக்களின் உடல்நலம் குறித்து ஏதேனும் ஒரு செய்தியைச் சொல்ல, அல்லது அந்நலத்துக்கு உழைத்தோரை நினைவூட்ட, அரசு அச்சிட்டு வெளியிட்ட காசுகளையே சேர்த்து வைத்திருக்கிறேன். 1974-ஆம் ஆண்டின் பத்துக் காசு ஒன்று: 'திட்டமிட்ட குடும்பம், அனைவர்க்கும் உணவு' என்னும் பொருளுடைய வாசகம் கொண்டது. 1979-ஆம் ஆண்டு சர்வதேசக் குழந்தை ஆண்டு. அவ்வாண்டின் பத்துக் காசில் 'மகிழ்வான குழந்தை, நாட்டின் பெருமை' என்றிருக்கும். 1975-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் பதினைந்தாண்டு நிறைவெய்தியதற்கு 1990-இல் ஒரு ரூபாய். சிறு குடும்பத்தை வலியுறுத்தி 1993-இல் இரண்டு ரூபாய். 'தாயின் நலமே சேயின் நலம்' என்ற கருத்தோடு 1996-இல் ஐந்து ரூபாய். பார்வையற்றோருக்கு எழுத்தளித்த லூயி பிரெய்லின் இருநூறாம் பிறந்த ஆண்டுக்கு 2009-இல் இரண்டு ரூபாய். அன்னை தெரேசாவின் நூற்றாண்டுக்கு 2010-இல் ஐந்து ரூபாய். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நூற்றாண்டுக்கு 2011-இல் மற்றோர் ஐந்து ரூபாய். இவற்றுள் 1979-ஆம் ஆண்டின் பத்துக் காசு எனக்கு வந்த வழி வேறு. அதனைப் பின்னர் கூறுவேன்.

நாணயத்தில் நல்லுரை பொறிக்கும் வழக்கம் நம் நாட்டில் 1970-ஐ ஒட்டி, ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனத்தின் தூண்டுதலால் வேரூன்றியது. அந்நாளில் தொலைக்காட்சி ஏது? சுவரொட்டி ஒட்டினால் மழை கரைத்துவிடும். துண்டுத்தாள் கொடுத்தால் கடலை மடிக்கப் போய்விடும். காசு ஒன்றுதான் எந்தக் குடிசைக்குள்ளும் அழையாமலே நுழைந்து, கிழியாமல், நனையாமல், இருபது ஆண்டு இருந்து பேசும். எங்கள் பங்கு ஆலயத்தின் காணிக்கைத் தட்டிலும் அந்த 1974-ஆம் ஆண்டுக் காசு வந்து விழுந்தது எனக்குத் தெரியும். குடும்பக் கட்டுப்பாட்டு முறைகள் குறித்துத் திருச்சபைக்குள்ள கருத்தை அறிந்த கோயிற்பிள்ளை, அதனைத் தனியே பொறுக்கி வைத்துப் பங்குத்தந்தையிடம் காட்டினாராம். அவரோ சிரித்துக்கொண்டே, "மெழுகுவர்த்திக் கடைக்காரர் வாங்கிக்கொள்வார், சேர்த்துப் போடும்" என்றாராம்.

வெளிநாடுகளிலும் இவ்வழக்கம் உண்டு. கானடா நாடு 2006-இல் மார்பகப் புற்றுநோய் குறித்த விழிப்புணர்வுக்காக இளஞ்சிவப்பு நாடா வண்ணத்தில் தீட்டிய இருபத்தைந்து சென்ட் காசைப் புழக்கத்தில் விட்டது. மருந்துக் கடையில் மீதிச் சில்லறையாக அது பெண்களின் கைக்கு வந்தது. அமெரிக்கா 2018-இல் அதே நோய்க்காக நாணயங்கள் வெளியிட்டது. அவற்றுள் பொற்காசு இளஞ்சிவப்புச் சாயல் கொண்டது. விலையோடு கூடுதலாக ஒரு தொகை வசூலித்து, அதனை ஆராய்ச்சிக்கென அளித்தனர். பணம் திரட்ட அமெரிக்க முறை மேலானதாக இருக்கலாம். ஆனால் பேழைக்குள் பட்டுத்துணி விரித்து வைக்கும் காசு யாரிடம் போய்ப் பேசும்? நம் நாட்டிலும் அண்மை ஆண்டுகளில் நினைவு நாணயங்கள் பல நூறு ரூபாய், நூற்றைம்பது ரூபாய் என்று அச்சிடப்பட்டு, முன்பதிவு செய்வோருக்கு அஞ்சலில் போகின்றன. அவை கடைவீதியைக் கண்டதே இல்லை. என் பெட்டியும் அவ்வகைச் சிறைதானே என்று கேட்பீர்களாயின், என் மனைவி முந்திக்கொண்டாள் என்பதைத் தவிர வேறு விடை என்னிடம் இல்லை.

பேருந்து வாலாஜாவைக் கடந்து இராணிப்பேட்டையை நெருங்கியதும், கண்ணை மூடியிருந்தாலும் ஊரைச் சொல்லிவிடலாம். ஊற வைத்த தோலும் சுண்ணாம்பும் கலந்த ஒரு நெடி காற்றோடு வரும். இங்கிருந்து மேற்கே பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி வரை பாலாற்றை ஒட்டிய நாடு முழுவதும் தோல் நாடு. ஒரு காலத்தில் ஆவாரம்பட்டை கொண்டு தோல் பதனிட்டனர்; பின்னர் குரோமிய உப்பு வந்தது. 2019-இல் பழைய வேலூர் மாவட்டம் வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றாகப் பிரிந்தபோதும் இந்த நெடிக்கு எல்லைக் கோடு போட முடியவில்லை. பாலத்தின் மீது பேருந்து சென்றபோது பாலாற்றில் மணல் மட்டும் கிடந்தது. சீமைக் கருவேலம் ஆற்றின் நடுவிலேயே குடியேறியிருந்தது.

இந்த இராணிப்பேட்டையில்தான் 1870-ஆம் ஆண்டு ஐடா ஸ்கடர் பிறந்தார். அமெரிக்க மறைப்பணியாளர் குடும்பத்துப் பெண், தந்தையார் மருத்துவர். பெற்றோரின் பணியைத் தாமும் ஏற்க வேண்டுமென்ற எண்ணம் அவருக்கு இளமையில் இல்லை. திண்டிவனத்தில் தந்தையின் இல்லத்தில் தங்கியிருந்தபோது ஓரிரவில் மூவர், ஒருவர் பின் ஒருவராக, கதவைத் தட்டினர். ஒருவர் பிராமணர், ஒருவர் இசுலாமியர், மற்றொருவர் உயர்குல இந்து. மூவருடைய மனைவியரும் பிரசவ வேதனையில் தவித்தனர். 'என் தந்தை மருத்துவர், அழைத்துச் செல்லுங்கள்' என்றார் ஐடா. ஆண் மருத்துவர் எங்கள் பெண்டிரைத் தொடலாகாது என்று மூவரும் திரும்பிப் போயினர். விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்துவிட்டனர். அந்த இரவுதான் அவரை மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பியது. 1899-இல் பட்டம் பெற்று, 1900-இல் வேலூர் வந்து, ஒரே ஒரு கட்டிலோடு வைத்தியம் தொடங்கினார்.

நாங்கள் சென்ற ஆரணிச் சாலைக் கண் மருத்துவமனை, 1902-இல் அவர் நாற்பது படுக்கைகளோடு திறந்த மேரி டேபர் ஷெல் மருத்துவமனைதான். நியூயார்க் வங்கியாளர் ஒருவர் தம் மறைந்த மனைவியின் நினைவாக அளித்த பதினாயிரம் டாலரில் எழுந்தது. 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி தொடங்கி, 1947 முதல் ஆண்களும் சேர, இன்று கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியாக வடநாட்டாரும் வங்காளத்தாரும் நாடிவரும் இடமாயிற்று. மனைவியின் கண்ணில் மருந்து விட்டு உட்கார வைத்திருந்தனர். எனக்கு வேறு வேலையில்லை. 1996-ஆம் ஆண்டின் ஐந்து ரூபாயை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். 'தாயின் நலமே சேயின் நலம்.' திண்டிவனத்து மூன்று பெண்களுக்கு எழுதிய இரங்கற்பா போல இருந்தது, நூறாண்டு பிந்தி. ஒரு குறை சொல்ல வேண்டும். வாசகம் இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டுமே உள்ளது. எந்தத் தாய்க்குச் சொல்லப்பட்டதோ, அந்தத் தமிழ்த்தாயால் அதனைப் படிக்க இயலாது.

அருகில் அமர்ந்திருந்த முதியவர் ஒருவர், கண்ணில் கட்டோடு, "என்ன காசு ஐயா அது?" என்று கேட்டார். நான் பெட்டியை நீட்டினேன். அவர் ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். "இது ஐஞ்சு ரூவா. இது ரெண்டு ரூவா. இது பழைய அலுமினியம், ஓரம் அலை அலையா இருக்கு, பத்துக் காசு" என்று பிழையின்றிச் சொன்னார். பார்வை மங்கியவருக்குக் காசு விரலில் தெரிகிறது. 2009-இல் அமெரிக்கா வெளியிட்ட பிரெய்ல் வெள்ளி டாலரில், விரலால் படிக்கத்தக்க பிரெய்ல் புள்ளிகளையே எழுப்பி வைத்தனர் என்பது நினைவுக்கு வந்தது. விரலுக்கும் உணர்ச்சி அற்றுப்போனால் என் செய்வது என்ற எண்ணமும் கூடவே வந்தது. அவ்வினாவுக்கு விடை தேடிய ஊரும் இவ்வேலூர்தான். ஆனால் அங்குச் செல்லும் முன் ஆம்பூர் போக வேண்டியிருந்தது. கொழுந்தியாள் வீட்டில் அன்றிரவு தங்குவதாக வாக்களித்திருந்தோம்.

ஆம்பூர் வேலூருக்கு மேற்கே ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர். நெடுஞ்சாலையின் இருமருங்கும் பிரியாணிக் கடைகள். அதற்குத் துணையாக வைக்கும் கத்தரிக்காய்த் தொக்குக்காகவே இரண்டாம் முறை சோறு கேட்போர் உண்டு, நானும் கேட்டேன். மாலை ஆறு மணிக்குக் காலணித் தொழிற்சாலைகளின் பேருந்துகள் வரிசையாக வந்து பெண்களை இறக்கிவிட்டன. இந்நகரின் காலணிகள் ஐரோப்பியக் கால்களுக்குப் போகின்றன. அவற்றைத் தைக்கும் கைகளில் பெரும்பாலானவை பெண்களுடையவை. கொழுந்தியாளின் மகளும் மேல்தோல் தைக்கும் பிரிவில் வேலை செய்கிறாள். வந்தவள் கை கால் கழுவியது குழாய்த் தண்ணீரில். எங்களுக்குக் குடிக்கக் கொடுத்தது கேன் தண்ணீர். கொல்லையில் பாட்டன் வெட்டிய கிணறு ஒன்றிருக்கிறது. கற்பலகை போட்டு மூடியிருக்கிறார்கள். "நான் பிறக்கும் முன்பே மூடியாச்சு பெரியப்பா, தண்ணி மஞ்சளா வந்துச்சாம்" என்றாள்.

1996 என்னும் ஆண்டு இந்தத் தோல் நாட்டுக்கு வேறொரு காரணத்தாலும் நினைவிருக்க வேண்டியது. அவ்வாண்டு ஆகஸ்டு 28-ஆம் நாள், வேலூர்க் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. தோல் பதனிடும் ஆலைகளின் கழிவால் ஏறக்குறைய 35,000 எக்டேர் விளைநிலம் முழுவதுமாகவோ பகுதியாகவோ பயிருக்கு உதவாததாயிற்று என்று அத்தீர்ப்பு பதிவு செய்தது. மாசு செய்தவரே அதன் செலவை ஏற்க வேண்டும் என்ற நெறி இந்தியச் சட்டத்தின் பகுதியென்று அறிவித்தது. ஆலை ஒவ்வொன்றுக்கும் பத்தாயிரம் ரூபாய் தண்டம் விதித்தது. அதன்பின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் பற்றிய கண்டிப்பு மிகுந்தது. எனினும் நிலத்தடியில் இறங்கியது எளிதில் மேலே வருவதாயில்லை. தாயின் நலம் பற்றிய காசும் தாய் குடிக்கும் நீர் பற்றிய தீர்ப்பும் ஒரே ஆண்டில் வெளிவந்தன. அந்தக் காசை மருமகனிடம்... அன்று, மகளிடம் காட்டினேன் என்று எழுத வேண்டும். பெரியப்பா என்றழைக்கும் பெண் மகள்தானே. அவள் புரட்டிப் பார்த்துவிட்டு, "இப்பல்லாம் யாரு பெரியப்பா காசு கொடுக்கிறாங்க, பால்காரர்கூடக் கட்டம் போட்ட அட்டையை நீட்டுறாரு" என்றாள். உண்மைதான். கைப்பேசியால் பணம் அனுப்பும் இந்நாளில், ஒரு கை மற்றொரு கையைத் தொடாமலே வணிகம் முடிந்துவிடுகிறது.

அவள் 'பெரியப்பா' என்று கூப்பிடும்போதெல்லாம் எனக்கு என் பெரியப்பாவின் நினைவு வரும். இப்பொழுது அந்தப் பத்துக் காசின் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

என் தந்தையின் தமையனார் காஞ்சியில் பட்டு நெய்தவர். முப்பது வயதில் அவருடைய விரல்களுக்கு இழை தட்டுப்படவில்லை. சூடான பாத்திரத்தைப் பிடித்துக் கொப்புளம் கண்டும் வலிக்கவில்லை. பின்னர் சுண்டுவிரலும் மோதிர விரலும் மடங்கின. ஊரார் அந்நோய்க்கு வழங்கிய பெயரை இங்கு எழுத மனமில்லை. தொழுநோய் என்றே சொல்வோம். தறி நின்றது. கடைக்காரர் அவரிடம் காசைக் கையில் வாங்கமாட்டார். திண்ணைப் பலகையில் வைக்கச் சொல்லி, அதன்மேல் ஒரு சொம்பு நீரை ஊற்றிய பிறகே எடுப்பார். ஒருநாள் அவர் எவரிடமும் சொல்லாமல் கரிகிரிக்குப் போய்விட்டார்.

1979-ஆம் ஆண்டு கிறிஸ்துமசுக்கு முந்தின வாரம் திரும்பி வந்தார். எனக்கு அப்போது ஒன்பது வயது. திண்ணையில் அமர்ந்து என்னை அழைத்து, "இங்கே பார்" என்றார். சட்டைப் பையில் இரண்டு விரலை விட்டு, கட்டைவிரலும் சுட்டுவிரலும் சேர, ஒரு புதிய பத்துக் காசை எடுத்தார். அதை எடுக்க அவருக்குச் சிறிது நேரம் ஆயிற்று. நெற்றியில் வியர்வை துளிர்த்தது. ஒரு வித்தைக்காரனைப் போல அதை உயர்த்திக் காட்டி, என் உள்ளங்கையில் வைத்தார். அவருடைய விரல்கள் நிமிர்ந்திருந்தன. நான் ஓடிச் சென்று அம்மாவிடம் காட்டினேன். அம்மா ஒரு சொல்லும் பேசவில்லை. அடுப்படியிலிருந்த கிடுக்கியால் என் கையிலிருந்த காசைப் பற்றி, கொதிக்கும் வெந்நீரில் போட்டாள். என் கையைச் சீயக்காய் போட்டுத் தேய்த்தாள். கதவு திறந்திருந்தது. பெரியப்பா பார்த்துக்கொண்டிருந்தார். நானும் அவரைப் பார்த்தேன். பார்த்துவிட்டு, அம்மா தேய்த்தது போதாதென்று, மாட்டுத் தொட்டியில் போய் மறுபடியும் கையைக் கழுவினேன். அதை அம்மா சொல்லவில்லை. நானாகச் செய்தேன்.

அதன்பின் அவர் வந்த போதெல்லாம் எனக்குக் கொடுக்க நினைத்ததைத் திண்ணையிலேயே வைத்துவிட்டுப் போவார்.

அவர் விரல்களை நிமிர்த்திய வித்தையைக் கண்டறிந்தவர் பால் பிராண்ட். நம் கொல்லிமலையில் 1914-இல் பிறந்த ஆங்கிலேயர். 1946-இல் வேலூருக்கு அறுவை மருத்துவராக வந்தார். செங்கற்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையைப் பார்க்கச் சென்றபோது, மடங்கிய விரல்களையுடைய ஒருவரிடம் தம் கையை அழுத்தச் சொன்னார். வலியால் கத்த வேண்டியதாயிற்று. செத்த கை என்று உலகம் ஒதுக்கிய கையில் இவ்வளவு வலுவா என்று வியந்தார். முன்கையிலுள்ள சில தசைகளை நோய் தீண்டுவதில்லை என்று கண்டு, அவற்றின் தசைநாரை விரல்களுக்கு மாற்றிக் கட்டும் அறுவை சிகிச்சையை 1948-இல் தொடங்கினார். விரல்கள் அழுகி விழுகின்றன என்ற பழைய எண்ணத்தையும் அவரே உடைத்தார். தாம் திறக்க முடியாத துருப்பிடித்த பூட்டொன்றை நோயுற்ற ஒரு சிறுவன் எளிதில் திறந்ததைக் கண்டு, அவன் கையைப் பார்த்தபோது, சாவி விரலை எலும்பு வரை அறுத்திருந்தது. சிறுவனுக்குத் தெரியவே இல்லை. உறங்கும்போது எலி கடித்தும் விரல் போயிற்று என்று கண்டுபிடித்து, நோயாளிகளுக்குப் பூனை வளர்க்கக் கொடுத்தனர். வலி என்னும் காவலன் இல்லாத கைகள் அவை.

மறுநாள் ஆம்பூரிலிருந்து திரும்பும் வழியில் காட்பாடிப் பக்கம் திரும்பிக் கரிகிரி சென்றோம். கரி என்றால் யானை. யானைமலை என்பது பொருள். 1955-இல் ஷிஃபெலின் தொழுநோய் ஆராய்ச்சி நிலையம் இங்கு நிறுவப்பட்டபோது இது பாறையும் முள்ளுமான பொட்டல். பின்னர் இங்குத் தலைமை வகித்த மருத்துவர் எர்னஸ்ட் ஃபிரிட்சி அறுவை சிகிச்சைக்கிடையே மரமும் நட்டார். இன்று பறவை ஒலி காதை நிறைக்கிறது. தோல் நாட்டின் நடுவில் இங்கும் செருப்புத் தைக்கிறார்கள், ஆனால் ஏற்றுமதிக்கன்று. நுண்துளை ரப்பரால் அடிப்பாகம் அமைத்து, மேலே தோல் வார் பூட்டி, ஓர் ஆணியும் அடிக்காமல் செய்யும் செருப்பு. உணர்வற்ற பாதத்தில் ஆணி ஏறினால் அணிந்தவருக்குத் தெரியாது என்பதால் அவ்வாறு. பெரியப்பா தம் பிற்காலத்தில் இவ்வகைச் செருப்புத் தைத்தே பிழைத்தார். 1994-இல் காலமானார். அடக்கத்துக்கு அப்பாவும் நானும் வந்தோம். அம்மா வரவில்லை.

நோய்க்கெனக் காசு அடித்ததில் ஓர் இருண்ட பக்கமும் உண்டு. கொலம்பியா நாடு 1901-இல் தொழுநோயாளர் குடியிருப்புகளுக்கென்றே தனி நாணயம் அச்சிட்டது. 'இலாசரேத்தோ' என்று அதில் பொறித்திருந்தனர். செல்வன் வாயிலில் புண்களோடு கிடந்த இலாசரின் பெயரோடு ஒட்டிய சொல். பிலிப்பைன்சு நாட்டில் 1906-இல் தொடங்கிய குலியோன் தீவுக் குடியிருப்பில், சேசு சபைக் குருக்களும் அருட்சகோதரிகளும் தொண்டாற்றிய அதே தீவில், 1913-இல் அலுமினியக் காசு புழங்கியது. வெளியே எக்கடையிலும் அது செல்லாது. காசின் வழியே நோய் பரவும் என்ற அச்சமும், நோயாளி தப்பி ஓடக் கையில் பணம் இருக்கலாகாது என்ற எண்ணமும் அக்காசுகளை வார்த்தன. மலேயாவில் நம் தமிழ்த் தொழிலாளரும் அடைபட்டிருந்த சுங்கை பூலோ குடியிருப்பில் தனித் தாள் பணம் வழங்கியது. அந்த அரசுகள் செய்ததும் எங்கள் வீட்டுக் கிடுக்கி செய்ததும் ஒன்றுதான்.

1981-இல் உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்தது. இன்று அம்மருந்து இலவசமாகக் கிடைக்கிறது. மருந்து உட்கொள்ளத் தொடங்கியவரிடமிருந்து நோய் பரவுவது விரைவில் நின்றுவிடும். பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்ற நிலையை இந்தியா 2005-இன் இறுதியில் எட்டியது. ஆனால் நோயாளிகளை அடைத்து வைக்க ஆங்கிலேயர் 1898-இல் இயற்றிய சட்டம் 2016-இல்தான் நீங்கியது. தொழுநோயைக் காரணமாகக் காட்டி மணமுறிவு கோரும் உரிமை 2019-இல்தான் சட்டத்திலிருந்து அகன்றது. மருந்தைவிட மனம் பிந்தி வருகிறது. என் பெட்டியில் தொழுநோயின் பெயர் சொல்லும் காசு ஒன்றும் இல்லை. அன்னை தெரேசாவின் ஐந்து ரூபாயைத்தான் அதன் பொருட்டு வைத்திருக்கிறேன்.

அம்மா 2014-இல் இறைவனடி சேர்ந்தாள். அவளுடைய பெட்டியை ஒழித்தபோது இந்தத் தகரப் பெட்டி அகப்பட்டது. செபமாலையின் கீழே, ஒரு சிறு துணியில் முடிந்து, அந்தப் பத்துக் காசு இருந்தது. அன்றே எறிந்திருப்பாள் என்றுதான் முப்பத்தைந்து ஆண்டுகள் நினைத்திருந்தேன். ஏன் வைத்திருந்தாள் என்று கேட்க இப்போது யாருமில்லை. 2011 ஜூன் இறுதியோடு இருபத்தைந்து காசும் அதற்குக் கீழ்ப்பட்டவையும் செல்லாதென அரசு அறிவித்துவிட்டதால், அது கடையில் செல்லாது. ஏனைய ஏழு காசுகளையும் அதற்குத் துணையாகவே சேர்க்கத் தொடங்கினேன்.

கரிகிரியில் பேருந்துக்காகக் காத்திருந்தபோது தேநீர்க் கடையில் அமர்ந்தோம். மருத்துவமனைப் பக்கமிருந்து முதியவர் ஒருவர் வந்தார். காலில் அந்த ஆணியில்லாச் செருப்பு. வலக்கையில் இரண்டு விரல் குட்டையாயிருந்தன. தேநீர் குடித்து முடித்துச் சட்டைப் பையில் துழாவி ஒரு காசை எடுத்தார். எடுக்கச் சற்று நேரமாயிற்று. கடைக்காரர் அவசரப்படுத்தவில்லை, வேறு யாருடனோ பேசிக்கொண்டே, உள்ளங்கையை விரித்து நீட்டியபடி இருந்தார். காசு அந்தக் கையில் விழுந்தது. கல்லாவில் துழாவி மீதியை எடுத்து, முதியவரின் கைக்குள் வைத்து, விரல்களை மூடிவிட்டார்.

அது என்ன காசு என்று எட்டிப் பார்த்தேன். சாதாரண பத்து ரூபாய்தான்.

"பேருந்து வருகிறது, வாருங்கள்" என்று என் மனைவி எழுந்தாள். நான் தேநீருக்குப் பணம் கொடுக்கத் தகரப் பெட்டியைத் திறந்து, 1996-ஆம் ஆண்டின் ஐந்து ரூபாயையும், 2011-ஆம் ஆண்டின் ஐந்து ரூபாயையும் எடுத்தேன். இரண்டு தேநீருக்கு இன்னும் பத்து ரூபாய் வேண்டியிருந்தது. அதை அவள் தன் சுருக்குப் பையிலிருந்து கொடுத்தாள்.